விளைபொருள் வியாபாரத்திற்கு வேண்டிய குணங்கள்

பயிர்த்தொழில் வேறு, வியாபாரம் வேறு என்று எண்ணுவது நமது குடியானவர்களின் நெடுநாளைய வழக்கம். உழுவதும் விதைப்பதும் தமக்குரியவை, நிறுப்பதும் விலை பேசுவதும் மண்டிக்காரர்களுக்குரியவை என்று அவர்கள் மனத்தில் ஓர் எண்ணம் ஊன்றிப்போயிருக்கிறது. ஆயினும், களத்திலிருந்து முதல் மூட்டை வண்டியில் ஏறும் அந்த நிமிஷமே மிராசுதாரரும் வியாபாரியாகிவிடுகிறார். அவர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் இது நேர்ந்தே தீரும். வீட்டுச் சாப்பாட்டிற்கு மாத்திரம் விளைத்த காலம் போய், விற்பதற்கென்றே பருத்தியும் நிலக்கடலையும் மஞ்சளும் கரும்பும் விளைக்கும் காலம் வந்து நூறு வருஷங்களுக்கு மேலாகிறது.

விதை, எரு, பூச்சி, நோய் ஆகியவற்றைப்பற்றி எழுதவேண்டிய இவ்விதழில், விற்கிறவருடைய குணத்தைப்பற்றி எழுதுவானேன் என்று சிலர் கேட்கக்கூடும். நல்ல விதை தேடி விதைத்து, காலத்தில் களையெடுத்து, இரவும் பகலும் காவல் காத்து எடுத்த சரக்கு, விற்பனைக்கூடத்தில் ஒரே காலைப்பொழுதில் மதிப்பிழந்து கிடப்பதைப் பலமுறை பார்த்தவர்களுக்கு இக்கேள்வி எழாது. அச்சரக்கில் குறை பெரும்பாலும் நிலத்தில் உண்டானதன்று. அறுவடைக்குப் பின்பு, மனிதருடைய பழக்கத்தினால் உண்டானது.

முதலில் நாணயத்தை எடுத்துக்கொள்வோம். நாணயம் என்றால் புண்ணியத்தின்பொருட்டு அனுஷ்டிக்கவேண்டிய தர்மம் என்று மட்டும் நம்மவர்கள் நினைக்கிறார்கள். அது அவ்வாறே இருக்கட்டும். அது ஒரு முதலீடுமாகும் என்பதற்குத் திருநெல்வேலி, இராமநாதபுரம் கரிசல் பூமியின் பழைய சரித்திரமே சாட்சி. அப்பகுதிகளில் விளைந்த கருங்கண்ணிப் பருத்தி அந்நாளில் ‘டின்னிஸ்’ என்ற வியாபாரப் பெயரோடு தூத்துக்குடி வழியாக வெளியூர்களுக்கும் வெளிநாடுகளுக்கும் சென்றது. வாங்குகிற ஆலைக்காரர் அப்பெயரை நம்பியே விலை கொடுத்தார்; எந்தக் கிராமத்தில் யாருடைய கொல்லையில் விளைந்தது என்பது அவருக்குத் தெரியாது. இந்நிலையில் புளிச்சைப் பருத்தி என்ற ஒரு தாழ்ந்த இனம் அக்கரிசலில் புகுந்தது. அதன் பஞ்சு குட்டையானது, முரடானது. நல்ல நூல் நூற்க உதவாதது. ஆனால் அரைத்தால் பஞ்சு கனமாக விழும். நூறு கிலோ கொட்டையோடுகூடிய பருத்தியில் ஓர் இனம் 28 கிலோ பஞ்சும், மற்றோர் இனம் 35 கிலோ பஞ்சும் தருவதாக உதாரணத்திற்கு வைத்துக்கொண்டால், எடைக்குப் பணம் வாங்குகிறவருக்கு எது ஆசை காட்டும் என்று சொல்லவேண்டியதில்லை.

ஆகவே சிலர் புளிச்சையை விதைத்தனர். சிலர் விதைக்காமல், விற்கும்போது கலந்தனர். இன்னும் சிலர் அரவை ஆலையில் நடந்த கலப்பைக் கண்டும் காணாததுபோல் இருந்துவிட்டனர். ஒவ்வொருவருக்கும் அவ்வருஷத்தில் லாபம் கிடைத்தது உண்மையே. அதை மறைப்பதில் பயனில்லை. ஆனால் கலப்புப் பஞ்சு ஆலையிற் போய் நூல் அறுந்தபோது, ஆலைக்காரர் தள்ளியது ஒரு தனி மனிதருடைய சரக்கையன்று. அந்தச் சீமையின் பெயரையே தள்ளினார். கலப்படம் செய்தறியாத குடியானவருடைய சுத்தமான கருங்கண்ணிக்கும் அதே தாழ்ந்த விலைதான். கடைசியில் 1932-ஆம் வருஷத்தில் சென்னைப் பருத்திக் கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றப்பட்டு, புளிச்சையைப் பயிரிடுவதையும் கலப்பதையும் சர்க்கார் தடுக்கவேண்டி வந்தது. அதற்கு முன்பே 1923-ல், தாழ்ந்த பருத்தி உயர்ந்த பருத்தி விளையும் பிரதேசங்களுக்குள் ரயிலேறி வருவதைத் தடுக்க இந்தியா முழுமைக்கும் பருத்திப் போக்குவரத்துச் சட்டம் ஒன்று ஏற்பட்டிருந்தது. 1901-ல் தொடங்கிய கோவில்பட்டிப் பண்ணையில் கருங்கண்ணியைப் பொறுக்கித் திருத்தி நல்ல விதை கண்டார்கள். ஆனால் விதையைத் திருத்தினவர்களால், கலப்பவருடைய கையைத் திருத்த இயலவில்லை; அதற்குச் சட்டம் வேண்டியிருந்தது.

இதிலிருந்து கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. நாணயம் என்பது ஓர் ஊருக்கு ஏரியைப் போன்றது. ஏரிக்கரையில் ஒருவன் இரவோடிரவாகத் தன் வயலுக்குக் கள்ள மடை திறந்தால் அவன் வயல் அன்றைக்கு நனையும். கரை உடைந்தால் அத்தனை பேருடைய வயலும் காயும். தனக்கு மட்டும் சொந்தம் என்று எண்ணி யாரும் அதை விற்றுவிட முடியாது.

நாணயமில்லாதவர்களும் செல்வமாகத்தானே இருக்கிறார்கள் என்று ஒரு கேள்வி எப்போதும் கேட்கப்படுகிறது. அது பொய்யென்று கூறி இதை மூடிவிடலாகாது. திருவிழாக் கடையில் ஒரு நாள் விற்றுவிட்டு மறுநாள் வேறு ஊர் போகிறவனுக்கு ஏமாற்று லாபமாக இருக்கலாம். அவனைத் தேடிக் கண்டுபிடிப்பவர் யாருமில்லை. குடியானவருடைய நிலை அதற்கு நேர் விரோதமானது. அவருடைய நிலத்தை அவர் சுருட்டிக்கொண்டு போக முடியாது; அடுத்த தையிலும் அதே விற்பனைக்கூடத்திற்கு, அதே வியாபாரிகள் முன்பாக, அதே முகத்தோடு அவர் போகவேண்டும். தொழில்களிலெல்லாம் இடம் மாறமுடியாத தொழில் இதுவே. ஆதலால் பெயர் கெட்டால் மிகவும் நஷ்டப்படுகிறவரும் அவரே.

இனி ஈரத்தைப்பற்றிச் சொல்லவேண்டும். நிலக்கடலையை நன்றாகக் காயவைக்காமல் மூட்டை பிடிப்பதும், காய்ந்ததை ஏற்றுமுன் தண்ணீர் தெளிப்பதும் பல இடங்களில் சாமர்த்தியம் என்று பாராட்டப்படுகின்றன. கணக்கைப் பார்ப்போம். 8 சதவீதம் ஈரமுள்ள 100 கிலோ காயில் ஈரம் போக 92 கிலோ சரக்கு இருக்கிறது. அதையே 12 சதவீத ஈரத்தோடு நிறுத்தால் ஏறக்குறைய 104½ கிலோ காட்டும். ஆக, தண்ணீருக்கு நாலரைக் கிலோ விலை கிடைக்கிறது என்பது விற்கிறவருடைய எண்ணம். ஆனால் வாங்குகிறவர் குழந்தையல்லர். கையளவு காயை அள்ளிக் குலுக்கிச் சப்தத்தைக் கேட்கிறார். பருப்பைப் பல்லிடையில் கடித்துப் பார்க்கிறார். இப்போது பல விற்பனைக்கூடங்களில் ஈரமானியும் வைத்திருக்கிறார்கள். நாலரைக் கிலோவைக் கண்டுபிடித்தவர் நாலரைக் கிலோவுக்கு மட்டும் கழிப்பதில்லை. இன்னும் கண்ணுக்குத் தெரியாதது என்ன இருக்குமோ என்ற சந்தேகத்திற்கும் சேர்த்தே விலையைக் குறைக்கிறார். அந்தச் சந்தேகத்தின் விலைதான் நம்மவர்கள் கணக்கில் ஏறாமற்போகிறது.

ஈரக் கடலையில் இன்னொரு கேடு உண்டு. அதை முன்னோர்கள் அறியவில்லை. 1960-ல் இங்கிலாந்தில் லட்சத்திற்கு மேற்பட்ட வான்கோழிகள் சில மாதங்களுக்குள் மாண்டன. காரணத்தை ஆராய்ந்தபோது, அவற்றின் தீனியில் சேர்ந்த கடலைப் பிண்ணாக்கில் ஒருவகைப் பூஞ்சாணம் உண்டாக்கிய நஞ்சு இருந்ததென்று வெளிப்பட்டது. அதற்கு அஃப்லாடாக்ஸின் என்று பெயரிட்டார்கள். அது மனிதருடைய கல்லீரலையும் கெடுத்துப் புற்றுநோய்க்கு வழி செய்வது. வேகவைத்தாலும் வறுத்தாலும் முழுவதும் போகாது. இந்நஞ்சு அறுவடைக்கு முன் வறட்சியிலும் புகக்கூடும். அறுவடைக்குப் பின்னர் ஈரத்தோடு குவித்துவைத்த காயிலும், ஓடு உடைந்த காயிலும் விரைவில் பெருகும். நேராகத் தின்னும் நிலக்கடலையில் இந்த நஞ்சு கிலோவுக்கு 4 மைக்ரோகிராமுக்கு மேல், அதாவது நூறு கோடியில் 4 பங்குக்கு மேல், இருந்தால் ஐரோப்பிய நாடுகளில் அச்சரக்கை ஏற்பதில்லை. எடைக்காகத் தெளித்த ஒரு குடம் தண்ணீர், கப்பலில் போகவேண்டிய சரக்கைச் செக்கிற்கு அனுப்பிவிடுகிறது. அதே மூட்டையிலிருந்துதான் நம் வீட்டுக் குழந்தைகளுக்கும் கடலை உருண்டை பிடிக்கிறோம் என்பதையும் யோசிக்கவேண்டும். நெல்லிலும் இப்படியே. கொள்முதல் நிலையங்களில் 17 சதவீத ஈரமே பொது விதி. பருவமழை மிகுந்த சில வருஷங்களில் டெல்டா ஜில்லாக்களுக்கு மத்திய சர்க்கார் இதைத் தளர்த்தியதுண்டு. தளர்த்துவார்கள் என்று நம்பி ஈர நெல்லை வாசலில் குவித்துக் காத்திருப்பது குடியானவருக்கு அழகன்று. தார்ப்பாய் ஒன்றுக்குச் செலவிடுவது அதைவிட மேல்.

மேல் மூட்டை ஒரு தரம், அடி மூட்டை ஒரு தரம் என்ற வழக்கமும் இவ்வகையைச் சேர்ந்ததே. வியாபாரியின் குத்தூசி இதற்காகவே ஏற்பட்டது. நான் அறிந்த ஒரு விற்பனைக்கூடத்தில், புருஷனை இழந்து தாமே சாகுபடி பார்க்கும் ஓர் அம்மாள் பதினொரு மூட்டை நிலக்கடலை கொண்டுவந்திருந்தார். அவற்றில் இரண்டை அவரே தனியே ஒதுக்கிவைத்து, “இவை ஓடையோரத்துக் காய், மழையில் நனைந்து கறுத்துவிட்டன, இவற்றிற்குத் தனி விலை போடுங்கள்” என்று மேற்பார்வையாளரிடம் கூறினார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்த இரண்டு மூட்டையும் குறைந்த விலைக்கே போயின. மற்ற ஒன்பதுக்கும் அன்றைக்கு நல்ல விலை கிடைத்தது; எனினும் அது பெரிய விஷயமன்று. அடுத்த வருஷம் அந்த அம்மாளுடைய மூட்டைகளை வியாபாரிகள் இரண்டோர் இடத்தில் மட்டும் குத்திப் பார்த்து விலை எழுதியதைக் கண்டேன். மற்றவர்களுடைய மூட்டைகளில் குத்தூசி ஏழெட்டு இடத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு குத்திலும் ஒரு பிடிக் காய் சிந்துகிறது. அதுவும் குடியானவருடைய காய்தானே.

சரக்கை வெளியார் தரம் பார்க்குமுன் உடையவர் தாமே தரம் பார்க்கும் வழக்கம் நம்மிடையே அரிது. இதை ஒரு தனிக் குணமாகவே சொல்லலாம். ஆராய்ச்சிக் குணம் என்று பெயர் கொடுப்போம். தன் பிள்ளையின் குறை தனக்குத் தெரியாது என்பதுபோல, தன் களத்துச் சரக்கின் குறையும் தெரிவதில்லை. வெடித்த பருத்தியை எடுக்கும்போதே நல்லதை ஒரு மடியிலும், கறைபட்ட கொட்டுப்பருத்தியை ஒரு மடியிலும் போடச் செய்யலாம். பொக்குக்காயையும் மண்ணையும் தூற்றி எடுத்துவிடலாம். மஞ்சளில் விரலியும் கிழங்கும் பிரித்து வைத்தால் ஒவ்வொன்றும் தன் விலைக்குப் போகும். 1937-ல் இயற்றப்பட்ட விளைபொருள் தரப்பிரிப்புச் சட்டத்தினால் அக்மார்க் முத்திரை ஏற்பட்டது. அந்த முத்திரை பெட்டியின்மேல் ஒட்டப்படுகிறது. தரமோ அதற்கு வெகுநாள் முன்பு, பறிக்கும் கூலியாளின் மடியிலேயே பிரிந்துவிடுகிறது.

2016-ஆம் வருஷம் ஏப்ரல் 14-ல் தொடங்கப்பட்ட தேசிய மின்னணு வேளாண் சந்தை இவ்விஷயத்தை இன்னும் முக்கியமாக்கியிருக்கிறது. அதில் வாங்குகிறவர் வேறு ராஜ்யத்தில் உட்கார்ந்திருக்கலாம். அவர் காயைக் கடித்துப் பார்ப்பதில்லை. மாதிரியைச் சோதித்து எழுதிய குறிப்பை மட்டும் படிக்கிறார். மாதிரியும் மூட்டையும் ஒன்றாயிருந்தால் அவர் மறுபடி வாங்குவார். மாறியிருந்தால் அந்த விற்பனைக்கூடத்தின் பெயரையே ஒதுக்கிவிடுவார். டின்னிஸ் பருத்திக்கு நேர்ந்தது கம்பியில்லாமலும் நேரலாம்.

நாணயம் நமக்கு மட்டுந்தானா, வியாபாரிக்கு வேண்டாமா என்று கேட்பது நியாயமே. பழைய மண்டிகளில் நடந்த அநியாயங்கள் கொஞ்சமல்ல. துண்டுக்குள் கைவிட்டு விரலைப் பிடித்து விலை பேசி, விற்கிறவருக்குத் தெரியாமலே விலை முடிப்பார்கள். மாதிரி என்று ஓர் அள்ளு, மகமை என்று ஓர் அள்ளு, சாக்குக்கென்று ஒரு கழிவு, தரகு வேறு. 1928-ல் வெளியான விவசாய ராயல் கமிஷன் அறிக்கை ஒழுங்குபடுத்திய சந்தைகள் வேண்டுமென்று வற்புறுத்தியது இவற்றை முன்னிட்டே. சென்னை மாகாணத்தில் 1933-ல் வியாபாரப் பயிர்கள் சந்தைச் சட்டம் உண்டாகி, 1936-ல் திருப்பூரில் பருத்திக்கு அத்தகைய சந்தை ஏற்பட்டது. இன்று அமுலில் உள்ளது 1987-ஆம் வருஷத்துச் சட்டம். ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் விற்கும் குடியானவர் தரகு கொடுக்கவேண்டியதில்லை. சந்தைக் கட்டணம் வாங்குகிறவரைச் சேர்ந்தது. எழுதிய விலை பிடிக்காவிட்டால் விற்க மறுக்கவும் உரிமையுண்டு. இவ்வளவு இருந்தும் வாசலில் வந்த தரகரிடமே, அதுவும் முன்பணம் வாங்கிக்கொண்டு, எடை பார்க்காமல் குத்துமதிப்பாக விற்கிறவர்கள் அநேகர். அவசரமும் கூச்சமும் இதற்குக் காரணம். நாலு பேர் முன்னிலையில் “இந்த விலை கட்டாது” என்று சொல்ல நம்மவர்கள் கூச்சப்படுகிறார்கள். தைரியம் என்பதைப் போர்க்களத்திற்கே உரியதாக வைத்துவிட்டோம். தராசின் முன்னும் அது வேண்டியிருக்கிறது.

பொறுமையைப்பற்றி எழுதும்போது சற்று ஜாக்கிரதையாக எழுதவேண்டும். ஏனெனில், அதைப்போலவே தோன்றும் பிடிவாதம் என்ற ஒன்று அதன் பக்கத்திலேயே இருக்கிறது. அறுவடையான மறுநாளே, எல்லோரும் விற்கும்போதே தானும் விற்று, குறைந்த விலை வாங்குவது பொறுமையின்மை. விலை ஏறும் ஏறும் என்று வருஷக்கணக்காக மஞ்சளைக் குதிரில் மூடிவைப்பது பிடிவாதம். 2010-ல் ஈரோட்டில் மஞ்சள் குவிண்டாலுக்கு 15,000 ரூபாய்க்கு மேல் விற்றது. அதைக் கண்டு மறு போகத்தில் ஏராளமானவர்கள் மஞ்சள் நட்டார்கள். கையிருப்பு வைத்திருந்தவர்கள் இன்னும் ஏறட்டும் என்றிருந்தார்கள். 2012 தொடக்கத்தில் 5,000 ரூபாய்க்கும் கீழே இறங்கிவிட்டது. ஏறும்போது ஆசையும், இறங்கும்போது ரோஷமும் அவர்களை விற்கவிடவில்லை.

வைத்திருப்பதற்கும் செலவுண்டு என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். இன்று ஒரு லட்சம் ரூபாய் பெறும் சரக்கை ஆறு மாதம் வைத்திருப்பதாகக் கொள்வோம். அப்பணத்திற்கு வருஷம் 12 சதவீத வட்டியென்றால் 6,000 ரூபாய் ஆகிறது. சுருக்கத்தினாலும் வண்டினாலும் எடையில் 3 சதவீதம் போனால், மீதமுள்ள சரக்குக்கு 9 சதவீதத்திற்கு மேல் விலை ஏறினால்தான் இன்றைய விலைக்கே சமமாகும். கிடங்கு வாடகையும் காவலும் இதில் சேரவில்லை. இவ்வளவையும் கணக்கிட்டு, பாதியை இப்போதும் பாதியைப் பின்னும் விற்பதென்று அறுவடைக்கு முன்பே முடிவு செய்து, அம்முடிவில் நிற்பதே பொறுமை. கையில் ரொக்கம் இல்லாதவர்களுக்கு விற்பனைக்கூடங்களில் பொருளீட்டுக் கடன் உண்டு; கிடங்கில் வைத்த சரக்கின் மதிப்பில் 75 சதவீதம் வரை, 180 நாள் தவணைக்குப் பெறலாம். கல்யாணச் செலவுக்காகப் பச்சை மஞ்சளை விலை பேசுகிறவர்கள் இதை ஒரு தரம் விசாரித்துப் பார்ப்பது நலம்.

கணக்கு எழுதும் பழக்கத்திற்கு வருவோம். என் அபிப்பிராயத்தில் மற்றெல்லாக் குணங்களுக்கும் வேர் இதுவே. உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது என்ற பழமொழியைச் சொல்லிக் கணக்கைத் தள்ளிவிடுவது நமது நாட்டில் வழக்கமாயிருக்கிறது. படியில் கால் பாகமான அந்த உழக்கு, 1956-ஆம் வருஷத்து எடையளவுச் சட்டத்திற்குப் பின் சந்தையிலிருந்து போய்விட்டது. பழமொழி மட்டும் போகவில்லை. மிஞ்சவில்லை என்பது தெரிந்தால்தானே எங்கே போயிற்று என்று தேடலாம்? கணக்கு எழுதாதவருக்கு மிஞ்சாததும் தெரியாது, மிஞ்சியதும் தெரியாது. கையில் பணம் புரளும் மாதத்தில் தனவான் என்றும், புரளாத மாதத்தில் ஏழை என்றும் தம்மை நினைத்துக்கொள்கிறார்.

எழுதும் முறை சிரமமானதன்று. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கோடு போட்ட நோட்டு ஒன்று போதும். தேதி, விவரம், வரவு, செலவு என்று நாலு பத்தி. ஒவ்வொரு சர்வே நம்பருக்கும் நாலு பக்கம் ஒதுக்கவேண்டும். எல்லா நிலத்தையும் ஒன்றாய் எழுதினால், மேட்டு நிலத்தின் நஷ்டத்தைப் பள்ள நிலத்தின் லாபம் மூடிவிடும். வீட்டுச் செலவை இதிற் கலக்கலாகாது. சொந்த விதை, சொந்த எரு, வீட்டு ஆட்களின் உழைப்பு ஆகியவற்றைக் காசு கொடுக்காததனால் எழுதாமல் விடுவது பெரும் பிழை. அதே விதை வெளியில் என்ன விலையோ, அதே வேலைக்கு வெளியாளுக்கு என்ன கூலியோ அதை எழுதவேண்டும். வரவிலும் வைக்கோலையும் கடலைக்கொடியையும் பருத்திமாரையும் விட்டுவிடக்கூடாது. அன்றன்றைக்கு, விளக்கு வைத்தபின், படித்த பெண்ணோ பையனோ எழுத, பெரியவர் சொல்லவேண்டும். மாதக் கடைசியில் நினைவைக் கொண்டு எழுதும் கணக்கு, கணக்கல்ல, கதை.

இரண்டு வருஷம் இவ்வாறு எழுதியவர்களிடம் ஒரு மாறுதல் காண்கிறேன். பக்கத்து ஊரார் போட்டார்கள் என்பதற்காக ஒரு பயிரைப் போடுவது குறைகிறது. உரக்கடைக்காரர் கொடுத்ததையெல்லாம் வாங்குவதும் குறைகிறது. கூட்டுறவுச் சங்கத்தில் தவணை தப்புவதும் குறைகிறது. எந்த மாதம் எவ்வளவு வரும் என்பது தெரிந்தவர், எந்த மாதம் எவ்வளவு கட்டலாம் என்பதையும் தெரிந்தே சொல்கிறார். 1904-ல் செங்கற்பட்டு ஜில்லாவில் திரூரில் முதல் விவசாயக் கடன் சங்கம் ஏற்பட்ட காலந்தொட்டு, நம் சங்கங்களுக்குச் சொத்து என்பது அங்கத்தினருடைய வாக்குத்தான். திருப்பிக் கொடுக்கக்கூடியவர் வேண்டுமென்றே கொடுக்காதிருக்கும்போது, மெய்யாகவே மழை பொய்த்துக் கொடுக்கமுடியாதவரையும் அதே பட்டியலில் சேர்க்க நேரிடுகிறது. இதைவிடப் பெரிய அநியாயம் அயலானுக்குச் செய்ய முடியாது.

வாக்குத் தவறாமையில் ஒப்பந்தச் சாகுபடியும் சேர்ந்தது. 2019-ல் இதற்கென்று தமிழ்நாட்டில் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. ஒப்பந்த விலையைவிடச் சந்தை விலை ஏறினால் குடியானவர் இரவில் வெளியே விற்பதும், இறங்கினால் வாங்குகிறவர் சரக்கில் சொத்தை கண்டுபிடிப்பதும் இரு பக்கத்திலும் உள்ள நோய். கையெழுத்துப் போடுமுன் தரம், எடை, நாள், பணம் தரும் தவணை ஆகிய நாலையும் வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்கவேண்டும். போட்டபின் நிற்கவேண்டும்.

சிக்கனம், இன்சொல், அதிகாலையில் எழுதல் முதலியவற்றைப்பற்றி விரிக்க இங்கே அவசியமில்லை. இவற்றில் நம் குடியானவர்களுக்குக் கற்பிக்கத்தக்கவர் அதிகமில்லை. உழவர் சந்தைகளில் காய்கறி விற்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. 1999-ல் மதுரையில் தொடங்கிய இச்சந்தைகளில் வாங்குகிறவர் உள்ளூர்க் குடும்பத்தினர், நாள்தோறும் வருகிறவர். தட்டின் அடியில் ஒரு சொத்தைக் கத்தரிக்காயைத் தள்ளிவிட்டால், அது அன்று மாலையே அவர் வீட்டு அரிவாள்மனையில் வெளிப்பட்டுவிடும்.

கிராம அதிகாரிகளுக்கும் இதில் பங்குண்டு. குடியானவருடைய வியாபாரம் இப்போது பெரும்பாலும் காகிதத்தைப் பின்பற்றியே நடக்கிறது. கொள்முதல் நிலையத்தில் நெல் போடவும், 2016 முதல் நடைபெறும் பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் சேரவும் சிட்டா, அடங்கல் வேண்டியிருக்கின்றன. அடங்கலில் பயிர் தவறாக ஏறியிருந்தால், நிலத்தில் நெல் நின்றாலும் காகிதத்தில் உளுந்து நிற்கும். அதைத் திருத்திக்கொண்டு வருவதற்குள் நிலையத்து வாசலில் நெல் மழையில் நனைந்துவிடும். இதற்காகக் குடியானவரும் பயிர் நிற்கும்போதே, விதைத்த ஒரு மாதத்திற்குள், கிராம நிர்வாக அலுவலரைக் கண்டு தம் சர்வே நம்பருக்கு நேரே என்ன எழுதப்பட்டிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளவேண்டும். குத்தகை நிலமாயின் நிலச் சொந்தக்காரரையும் உடன் அழைத்துப்போவது நல்லது. பின்னால் வரும் தகராறுகளிற் பாதி அங்கேயே தீர்ந்துவிடும். விற்பனைக்கூடத்திற்கு முதன்முறை போகிறவர்கள் ஆதார் அட்டையின் நகலும் வங்கிக் கணக்குப் புத்தகமும் கொண்டுபோகவேண்டும். ஏல நாளையும் நேரத்தையும் முன்தினமே விசாரித்துக்கொண்டு, வெயில் ஏறுமுன் மூட்டைகளை இறக்கிவிட்டால் மாதிரி எடுப்பதற்கும் எடை போடுவதற்கும் பக்கத்தில் நின்று பார்க்க அவகாசம் கிடைக்கும்.